காதில் விழுந்த மனிதன்

கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போவதாகச் சொன்னபோது, முப்பது வருடமாகச் சிற்றிதழ்களோடு புழங்கிவரும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உமக்கு வயது ஐம்பத்தாறு ஆகிறது, ஞாபகம் இருக்கிறதா?" என்றார். மழையில் ஒரே குடைக்குள் நிற்கும் காதலர்கள், பெரும் பணக்கார வீட்டின் ஒற்றை வாரிசு, பத்தாம் அத்தியாயத்தில் ஞாபகத்தை இழந்து பதினான்கில் திரும்பப் பெறும் கதாநாயகி, திருப்பம் தேவைப்படும்போதெல்லாம் சந்திலிருந்து பாய்ந்து வரும் வெள்ளை லாரி என்று அவர் மனத்தில் ஒரு பட்டியல் ஓடியிருக்கும். அதை நான் மறுக்கப்போவதில்லை. அந்த லாரியை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். அது வருவதற்கு அரை நிமிடம் முன்பே வாசனை பிடித்துவிடும் அளவுக்குத் தேர்ச்சியும் பெற்றிருக்கிறேன்.

என் அறிமுகம் அப்படித்தான் தொடங்கியது. 2010-களின் நடுவில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் குரல்மாற்றி ஒளிபரப்பியது. அக்காள் மகள் அவற்றைப் பார்ப்பாள். நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு பார்க்காததுபோல் பார்ப்பேன். சியோல் நகரத்துப் பையன்கள் சென்னைத் தமிழில் கோபித்துக்கொண்டார்கள். கதை புரிந்தது, முகங்கள் அழகாக இருந்தன. ஆனால் ஏதோ ஒன்று வந்து சேரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அது என்னவென்று விளங்கப் பல வருடங்கள் ஆயின. நடிகர்களின் பாதி உடலை, அதாவது அவர்களுடைய குரலை, நான் அதுவரை கேட்டதே இல்லை.

பிறகு சப்டைட்டிலோடு பார்க்கத் தொடங்கியபோதுதான் இந்த வடிவத்தின் மீது மரியாதை வந்தது. நம் நெடுந்தொடர்கள் பார்வையாளர் எண்ணிக்கை இருக்கும்வரை வருடக்கணக்கில் நீள்கின்றன. கொரிய மாலைநேரத் தொடர் பெரும்பாலும் 16 அத்தியாயங்களில் முடிந்துவிடுகிறது. ஓர் எழுத்தாளர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானே எழுதுவதே அங்கே பெருவழக்கு. அங்குள்ள ரசிகர்கள் நடிகர்களுக்காகக் காத்திருப்பதைப்போலவே நோ ஹீ-க்யொங் அடுத்து என்ன எழுதுகிறார், பாக் ஹே-யோங் அடுத்து என்ன எழுதுகிறார் என்றும் காத்திருக்கிறார்கள். இருவரும் பெண்கள். தொடர்கதைக்காகப் பத்திரிகையின் வரவை எதிர்பார்த்து நின்ற தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

நடிகர்களைப் பற்றியும் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. இளம் நாயகர்களைப் பார்த்து வியந்த காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது. கொரியத் தொலைக்காட்சியின் உண்மையான செல்வம் அதன் முதிய நடிகர்கள்தான் என்பது என் துணிபு. கிம் ஹே-ஜா 1980-லிருந்து 2002 வரை ஒளிபரப்பான ஒரு கிராமத்துத் தொடரில் குடும்பத்தின் தாயாக நடித்து, ஒரு தேசத்துக்கே தாய்முகம் ஆனவர். அந்த முகத்தைத் தலைகீழாக்கிப் பார்க்கும் ஆசையில் போங் ஜூன்-ஹோ 2009-ல் அவரை வைத்து 'மதர்' எடுத்தார். 2019-ல், எழுபத்தேழு வயதில், திடீரென்று முதுமை வந்துவிட்ட இருபத்தைந்து வயதுப் பெண்ணாக 'தி லைட் இன் யுவர் ஐஸ்' தொடரில் நடித்தார். முழங்கால் வலிக்கும்போது அவர் முகத்தில் தெரிவது வலியைவிட அதிகமாக ஆச்சரியம்தான். 'இதுதானா அது?' என்பதைப்போல ஓர் ஆச்சரியம். இத்தகைய நடிப்பைப் பார்த்தபிறகு குடைக்குள் நிற்கும் காதலர்களைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது வேறொரு தொடர், வேறொரு நடிகர். அங்கே போவதற்கு முன் என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

2019-ன் இறுதியில் என் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. சில மாதப் பயிற்சிக்குப் பின் கை ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் எஞ்சியது: 'சரி.' பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். முதல் சில வாரங்கள் நாங்கள் சொல்லைக் கேட்டுக்கொண்டு ஏமாந்தோம். "தண்ணி வேணுமாப்பா?" என்றால் "சரி" என்பார், கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மெல்ல மெல்லச் சொல்லை விட்டுவிட்டு அதன் இழுவையை, அழுத்தத்தை, அதற்கு முன் வரும் மூச்சைக் கேட்கப் பழகினோம். வாழ்நாள் முழுவதும் அதிகம் பேசாத மனிதர் அவர். சிறுவயதில் அவர் கடைசிப் பேருந்தில் இறங்கி வீட்டுக்கு வரும்போது செருப்பின் ஓசையை வைத்தே அன்றைய நாள் அவருக்கு எப்படிப் போனது என்று நானும் அக்காவும் கணித்துவிடுவோம். அந்தக் கலையை நாற்பது வருடம் கழித்து மறுபடியும் கற்கவேண்டி வந்தது.

இரவுகளில் அவர் அறையை ஒட்டிய கூடத்தில் படுத்துக்கொள்வேன். தூக்கம் வராது. 2020-ன் ஊரடங்கு மாதங்கள் அவை. கணினியில் தொடர்களைப் பார்ப்பேன், ஒரு காதில் மட்டும் கருவியைச் செருகிக்கொண்டு. மறு காது உள்ளறைக்கு. அப்படி ஒரு காதில் கொரியாவும் மறு காதில் அப்பாவுமாக இருந்த நாட்களில்தான் 'மை மிஸ்டர்' பார்த்தேன்.

2018 மார்ச்சிலிருந்து மே வரை டிவிஎன் அலைவரிசையில் வந்த 16 அத்தியாயத் தொடர் அது. எழுதியவர் பாக் ஹே-யோங், இயக்கியவர் கிம் வொன்-சொக். கொரிய மொழியில் அதன் பெயர் 'நா-எ அஜொஷி.' முதல்முறை ஒருவர் உச்சரிக்கக் கேட்டபோது என் தமிழ்க் காதுக்கு அது வசைபோல ஒலித்துச் சிரிப்பு வந்தது. அஜொஷி என்பது உறவில்லாத நடுவயது ஆணை அழைக்கும் சொல். கடைக்காரரும் அஜொஷி, பேருந்தில் காலை மிதித்தவரும் அஜொஷி. ஆங்கிலத்தில் 'மிஸ்டர்' என்று போட்டதில் அந்தச் சொல்லின் அழுக்கு வேட்டி உருவப்பட்டுக் கோட்டு மாட்டப்பட்டுவிட்டது. தமிழில் மாமா என்றால் வேறு அர்த்தங்கள் ஒட்டிக்கொள்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்து 'அண்ணாச்சி' ஓரளவு நெருங்கி வருகிறது. யாரோ ஒருவரை அழைக்கும் சொல்லோடு 'என்னுடைய' என்பதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் தொடரின் தலைப்பு, கதையும் அதுவே.

பாக் தோங்-ஹூன் நாற்பதுகளில் இருக்கும் கட்டுமானப் பொறியாளர். கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பிரிவில் மேலாளர். மூன்று சகோதரர்களில் நடுவர். மூத்தவர் கடனில் மூழ்கியவர், இளையவர் தோற்றுப்போன திரைப்பட இயக்குநர். சம்பளம் வாங்கும் ஒரே பிள்ளை இவர்தான். கல்லூரியில் தனக்கு இளையவனாக இருந்தவன் இப்போது நிறுவனத்தின் தலைவன். அவனுக்கும் தன் மனைவிக்கும் தொடர்பு இருப்பது இவருக்குத் தெரியாது. அதே அலுவலகத்தில் தற்காலிக ஊழியராக இருக்கும் லீ ஜி-ஆனுக்கு இருபத்தொன்று வயது. பெற்றோர் விட்டுச்சென்ற கடன், காது கேளாத, பேச இயலாத பாட்டி, அடிக்க வரும் கடன்காரன். அலுவலகத்திலிருந்து எடுத்துவரும் காபித்தூள் பொட்டலங்கள்தான் அவளுடைய இரவு உணவு. தோங்-ஹூனை வேலையிலிருந்து நீக்க வழி செய்து தந்தால் பணம் என்று தலைவனோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறாள். அதற்காகத் தோங்-ஹூனின் கைப்பேசியில் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றை ஏற்றிவிடுகிறாள்.

அன்றிலிருந்து அந்த மனிதர் அவள் காதில் வாழத் தொடங்குகிறார். பாத்திரம் கழுவும்போதும், கடைசி ரயிலில் நிற்கும்போதும், மலைச்சரிவில் வீட்டுக்கு ஏறும்போதும் அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் கேட்பதில் ரகசியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வீடு திரும்பும்போது ஏதாவது வாங்கிவர வேண்டுமா என்று மனைவியிடம் கேட்கிறார். அண்ணன் தம்பியோடு குடிக்கிறார். தனியாக நடக்கிறார். காலடி ஓசை, மூச்சு, இருமல், பெருமூச்சு. குற்றம் கண்டுபிடிக்கக் காது கொடுத்தவளுக்கு அங்கே ஒரு நல்ல மனிதன் அகப்பட்டுவிடுகிறான். அவளுடைய இருபத்தொரு வருட வாழ்க்கையில் அப்படி ஒரு பிராணியை அவள் சந்தித்ததில்லை.

நம் மொழியில் 'கேள்' என்ற ஒரே வினைதான் வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும். வள்ளுவர் 'கேள்வி' என்று அதிகாரம் வைத்தது செவிச் செல்வத்துக்கு. இன்று கேள்வி என்றால் வினா. பழந்தமிழில் இன்னொரு பொருளும் உண்டு: கேள் என்றால் உறவு, நட்பு, கேண்மை என்ற சொல் அங்கிருந்து வருகிறது. இந்தத் தொடரின் கட்டமைப்பு முழுவதும் இந்த மூன்று பொருள்களுக்குள் அடங்கிவிடுவதாக எனக்குத் தோன்றுவதுண்டு. அவள் எதையும் வினவாமல் கேட்கிறாள்; கேட்டே உறவாகிவிடுகிறாள். வீட்டில் இருக்கும் பாட்டியோடு அவள் பேசுவது கைச்சைகையில்தான். குரலே இல்லாத வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ஒரு குரல் என்பது என்ன என்பதைத் தொடர் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாமாகத்தான் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் குரலுக்கு உரியவர் லீ சன்-க்யூன். 1975-ல் பிறந்தவர், கொரிய தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர், மேடை இசை நாடகங்களிலிருந்து திரைக்கு வந்தவர். 2007-ல் அடுத்தடுத்து வந்த 'ஒயிட் டவர்', 'காபி பிரின்ஸ்' தொடர்கள் அவரைப் பெயர் சொல்லும் நடிகராக்கின. 'பாஸ்தா'வில் (2010) சமையற்கூடமே அதிரக் கத்தும் தலைமைச் சமையல்காரர். ஹொங் சாங்-சூவின் படங்களில் குடித்துவிட்டு அசடு வழியும் நடுத்தரவர்க்கத்துக் கலைஞர். எல்லாவற்றிலும் முன்னால் வந்து நின்றது அந்தக் குரல். ஈரமான மரத்தைத் தட்டினால் வரும் ஓசைபோல அடித்தொண்டையில் முழங்குவது. கொரியாவில் அதை நகைச்சுவையாகப் போலிசெய்து காட்டுபவர்கள் ஏராளம். அவ்வளவு கம்பீரமான குரலை வைத்துக்கொண்டு 'மை மிஸ்டரி'ல் அவர் செய்தது என்னவென்றால், அதைப் பெரும்பாலும் பயன்படுத்தாமல் விட்டதுதான். வாக்கியங்கள் தொண்டைவரை வந்து திரும்பிப் போகின்றன. பதில் சொல்லவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு மட்டும் வருகிறது. எனக்குக் கொரிய மொழி தெரியாது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகள் அவர் சொன்னதைத் தந்தன. அவர் சொல்லாமல் விட்டதை நேராகக் காதே எடுத்துக்கொண்டது. உள்ளறையில் அப்பாவின் 'சரி'யைப் பிரித்தறியப் பழகிய காது அல்லவா!

அடுத்த வருடமே அவர் 'பாரசைட்' (2019) படத்தில் செல்வந்தர் பாக் ஆக வந்தார். கான் விழாவின் தங்கப் பனையும் 2020-ல் நான்கு ஆஸ்கர் விருதுகளும் பெற்ற படம். உலகம் அவரை அறிந்தது அப்படித்தான். அந்தச் செல்வந்தர் தன் காரோட்டியின் உடலிலிருந்து வரும் வாடையைச் சுரங்க ரயிலில் போகிறவர்களின் வாடை என்று மனைவியிடம் விவரிப்பார். கடைசியில் அவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கணம்தான் கொலையில் முடியும். அதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் தினமும் மாலையில் தோளில் பையோடு அந்தச் சுரங்க ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வீடு திரும்பும் தோங்-ஹூனின் முகமும் அதே முகம்தான். ஒருவர் மனிதர்களை மூக்கால் அறிந்து விலகுகிறார்; இன்னொருவர் காதின் வழியாக ஒரு பெண்ணுக்குள் சென்று தங்குகிறார். ஒரே உடலால், ஓர் ஆண்டு இடைவெளியில், இரண்டும் முடிந்திருக்கிறது. நல்ல நடிகர் என்று யாரைச் சொல்வது என்று கேட்டால் என்னிடம் இதைவிடச் சிறந்த விடை இல்லை.

ஜி-ஆனாக நடித்தவர் ஐயு என்ற பெயரில் புகழ்பெற்ற பாடகி லீ ஜி-உன். பதினைந்து வயதில் பாட வந்தவர். குரலால் வாழும் ஒருத்தியைக் கூட்டிவந்து பேச்சைக் குறைத்து, பிறர் குரலைக் கேட்கும் வேலையை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். கேட்பதை எப்படி நடிப்பது? அவர் கண்ணைக்கூட அதிகம் அசைப்பதில்லை. நடந்துகொண்டிருப்பவரின் அடி சற்றுத் தாமதமாகிறது, அவ்வளவுதான். ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவில் தோங்-ஹூன் கடன்காரனைத் தேடிச்சென்று சண்டையிடுகிறார். அவள் சிறுமியாக இருந்தபோது தற்காப்புக்காகச் செய்த கொலையை அவன் வெளிப்படுத்துகிறான். அவர் பின்வாங்குவார் என்று நினைத்தால், தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று உரத்துக் கத்துகிறார். எங்கோ தெருவில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவள் அப்படியே குந்தி உட்கார்ந்து அழுகிறாள். அதுவரை ஒன்பது மணி நேரமாக அந்த முகத்தில் இறுக்கத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அழுகை அழகாக இருக்கவேண்டும் என்ற கவலையும் அங்கே இல்லை.

குறைகள் இல்லாத தொடர் என்று சொல்லமாட்டேன். ஒளிபரப்பான சமயத்தில் நாற்பதைக் கடந்த ஆணையும் இருபதுகளின் தொடக்கத்தில் உள்ள பெண்ணையும் இணைத்துக் காட்டுவதற்கும், அவள் அடிபடும் காட்சிக்கும், ஒட்டுக்கேட்டலை மென்மையாகக் காட்டியதற்கும் கொரியாவிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. பெண்கள் தங்கள் பணியிடங்களில் நடந்த கொடுமைகளை வெளியே சொல்லத் தொடங்கியிருந்த வருடம் அது. அந்தக் கேள்விகளை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மேலாளராக இருக்கும் நல்லவர் ஒருவரின் கருணையை நம்பித்தான் ஓர் ஏழைப் பெண் மீளவேண்டுமா என்பது எனக்கும் உறுத்தியது. ஆனால் கதை அவர்களைக் காதலர்களாக்கவில்லை. அவளை மீட்பதும் அவர் ஒருவர் இல்லை. பாட்டியின் இறுதிச் சடங்குக்கு அவளுக்கென்று யாரும் இல்லாத நிலையில், தோங்-ஹூனின் பேட்டையிலிருந்து காலையில் பந்து விளையாடும் நடுவயது ஆண்கள் கூட்டமாக வந்து அந்தக் கூடத்தை நிரப்புகிறார்கள். மூத்த அண்ணன் தன் அறையின் தரைவிரிப்புக்கு அடியில் ஒளித்துச் சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்து மலர்வளையங்களுக்குச் செலவழிக்கிறார். சாவு வீட்டில் ஆள் நிறைந்திருக்கவேண்டும் என்ற கவலையை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அப்பா 2022 ஐப்பசியில் போனார். கூடம் நிறைந்துதான் இருந்தது.

அடுத்த வருடம் அக்டோபரில், போதைப்பொருள் பயன்படுத்தியதாக லீ சன்-க்யூன் மீது விசாரணை என்று செய்தி வந்தது. சோதனைகளில் எதுவும் கண்டறியப்படவில்லை. தன்னை மிரட்டிப் பணம் பறித்ததாக அவரே புகார் கொடுத்திருந்தார். ஆனாலும் அவரை மூன்று முறை காவல்துறை அழைத்தது. மூன்று முறையும் படக்கருவிகளுக்கு முன் நின்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் தலைகுனிந்துவிட்டு உள்ளே சென்றார். மூன்றாம் விசாரணை 2023 டிசம்பர் 23-ல் தொடங்கி ஏறத்தாழ 19 மணி நேரம் நடந்தது. டிசம்பர் 27-ல் அவர் இறந்து கிடந்தார். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்றார்கள். வயது 48. மிரட்டல் வழக்கில் பெண்கள் இருவருக்கு 2024 டிசம்பரில் கீழ் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டிருந்தது.

பத்தொன்பது மணி நேரம் கேட்டார்கள். தமிழில் இந்த வாக்கியத்தை எழுதும்போது கை கூசுகிறது. 'கேள்' என்பதன் ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் வெட்டி எறிந்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் அவர்களை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த நவம்பரில் அவருடைய தனிப்பட்ட தொலைபேசி உரையாடல் ஒன்றின் ஒலிப்பதிவு கொரியத் தொலைக்காட்சிச் செய்தியில் வெளியானது. அடுத்த சில மணி நேரத்தில் இணையம் முழுக்கப் பரவியது. நான் அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மொழி புரியாது, அதன் அடியில் யாரோ அவசரமாகப் போட்டிருந்த ஆங்கிலம்தான். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. அதே அடித்தொண்டை, அதே இடத்தில் நின்று திரும்பும் மூச்சு. மூன்று வருடம் இரவுகளில் எனக்குத் துணையாக இருந்த குரல். கேட்டு முடித்ததும் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவேண்டும்: இன்னொரு முறை கேட்டேன். குற்றம் செய்தவரா இல்லையா என்று அந்தக் குரலில் துழாவிக்கொண்டிருந்தேன். ஜி-ஆன் எதற்காக முதலில் காதில் கருவியைச் செருகினாளோ அந்த இடத்தில் நான் இருந்தேன். அவள் அங்கிருந்து நகர்ந்துவிட்டாள். நான் பதினாறு அத்தியாயங்களையும் பார்த்துவிட்டுத் தொடக்கத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

ரசிகன் என்ற சொல்லின் மீது அன்று ஏற்பட்ட சந்தேகம் இன்னும் நீங்கவில்லை. நடிகரின் கலையைத்தான் ரசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அவர் யாரை மணந்தார், எங்கே சாப்பிட்டார், யாரோடு பேசினார் என்பதெல்லாம் நமக்கு வேண்டியிருக்கிறது. அவர் நல்லவராக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்; தோங்-ஹூனாகவே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பாத்திரத்தின் நற்குணத்தை நடிகரின் கணக்கில் கடனாக எழுதிவைத்துவிட்டு, ஒருநாள் வட்டியோடு வசூலிக்கப் போகிறோம். கடன்காரன் கதவைத் தட்டும் காட்சி தொடரில் பலமுறை வருகிறது. கதவின் இந்தப் பக்கத்திலிருந்தே அதைப் பார்த்துப் பழகியிருந்தேன்.

2024 ஜனவரியில் போங் ஜூன்-ஹோ உள்ளிட்ட கலைஞர்கள் ஒன்றுகூடி, விசாரணை நடத்தப்பட்ட விதத்தையும் செய்திகள் வெளியான விதத்தையும் ஆராயவேண்டும் என்று அறிக்கை வாசித்தார்கள். அவ்வருட அக்டோபரில் பூசான் திரைப்பட விழா அவர் நினைவாகச் சிறப்புத் திரையிடல் நடத்தியது. திரைப்படங்களுக்கு நடுவே 'மை மிஸ்டரி'ன் ஓர் அத்தியாயமும் பெரிய திரையில் காட்டப்பட்டது. அவர் முன்பே நடித்து முடித்திருந்த இரண்டு படங்கள் அந்த வருடக் கோடையில் வெளியாயின. இரண்டையும் நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்கும் தகுதியைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

2025-ல் கிம் வொன்-சொக்கும் ஐயுவும் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' தொடரில் மீண்டும் சேர்ந்தார்கள். ஜேஜு தீவின் ஒரு குடும்பத்தைப் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து செல்லும் கதை. அதில் முதிர்ந்த கணவராக வரும் பாக் ஹே-ஜூன் 'மை மிஸ்டரி'ல் தோங்-ஹூனின் துறவி நண்பராக நடித்தவர். அந்த முகத்தைப் பார்த்ததும் பழைய தொடருக்குத் திரும்பிப் போகும் துணிவு வந்தது. மறுபடியும் பதினாறு இரவுகள்.

பதினைந்தாம் அத்தியாயம்வரை தாங்கிக்கொண்டேன். ஒட்டுக்கேட்டது தெரிந்தபின் தோங்-ஹூன் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கும் இடம். தன் வாழ்க்கையின் அவமானங்கள் அனைத்தையும் கேட்டவள் என்பதால் தன்னை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மனம் வலிக்கும், ஆகவே தான் மகிழ்ச்சியாக வாழ்ந்து காட்டப்போவதாக அவர் சொல்கிறார். கேட்டவளுக்குக் கேட்கப்பட்டவர் தரும் வாக்கு. படத்தை அங்கே நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கைக் கொடுத்தது பாத்திரம், நடிகர் அல்ல என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அதைச் சரியாகச் சொல்லிக்கொள்ளக் கற்பதுதான் ரசிகனாக இருப்பதன் முதல் பாடமோ என்னவோ.

முடிவில் இருவரும் சில காலம் கழித்துத் தற்செயலாகச் சந்தித்துக் கைகுலுக்கிப் பிரிகிறார்கள். ஜி-ஆன் என்ற பெயரின் எழுத்துகளுக்கு அமைதியை அடைதல் என்று பொருள். அடைந்துவிட்டாயா என்று அவர் மனத்துக்குள் வினவுகிறார். அவளும் மனத்துக்குள் ஆம் என்கிறாள். இடையில் எந்தக் கருவியும் இல்லை. எந்தக் குரலும் வெளியே வரவில்லை. ஆனாலும் கேட்டுவிடுகிறது.

நண்பருக்கு இதையெல்லாம் தொலைபேசியில் விளக்க முடியவில்லை. "லாரி வராது, பயப்படாமல் பாரும்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

நான் இன்னும் இரவில் ஒரு காதில் மட்டும்தான் கருவியைச் செருகிக்கொள்கிறேன். பழக்கம் விடவில்லை. மறு காது உள்ளறையின் பக்கம் திறந்தே இருக்கிறது. அங்கே இப்போது அரிசி மூட்டையும் பழைய இதழ்களும் அடுக்கியிருக்கிறோம்.